ஊசி போட்ட பிறகு நான் எங்கே போகிறேன்?

‘டாக்டர்களைப் பற்றி மனதில் இருப்பதை ஒளிக்காமல் கேளுங்கள்’ என்று போன இதழில் எழுதியிருந்தோம். ஒரு கட்டுக் கடிதங்கள் வந்துவிட்டன. சிலவற்றில் கோபம், ஒன்றிரண்டில் கண்ணீர்த் தடம். நான் மயக்கவியல் மருத்துவர். கோவில்பட்டிப் பக்கம் பிறந்து, தீப்பெட்டி ஒட்டிய அம்மாவின் கூலியில் படித்து, 1993-ல் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நாலு வருஷம், பிறகு மேற்படிப்பு, அதன்பின் இன்றுவரை அரசு மருத்துவமனை ஆபரேஷன் தியேட்டர். எல்லா டாக்டர்களுக்காகவும் பேச என்னால் ஆகாது. என் கண் பார்த்ததைச் சொல்கிறேன்.

என் மகனுக்குத் தனியார் மருத்துவமனையில் குடல்வால் ஆபரேஷன் நடந்தது. பில்லில் மயக்க மருந்து டாக்டருக்கு என்று தனித் தொகை. ஊசி போட்டு மயங்கவைப்பது ஐந்து நிமிட வேலை. அதற்கு ஏன் தனிக் கட்டணம்? ஊசி போட்ட பிறகு அவர் அங்கே இருப்பாரா, போய்விடுவாரா?
— ஒரு தகப்பனார், சாத்தூர்

இருப்பார் ஐயா. இருந்தே ஆகவேண்டும். ஊசி போட ஐந்து நிமிடம்கூட ஆகாது, ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். என் வேலை ஆரம்பிப்பதே அதற்குப் பிறகுதான்.

முழு மயக்கத்தைத் தூக்கம் என்று நினைக்கிறோம். தூங்குகிறவரைத் தட்டினால் எழுந்துகொள்வார். எச்சில் தொண்டையில் இறங்கினால் இருமுவார். மூச்சு அதுபாட்டுக்கு ஓடும். நான் கொடுக்கும் மருந்துகளில் இந்த மூன்றுமே நின்றுபோகும். தசைகளைத் தளர்த்தும் மருந்து உள்ளே போனதும் நெஞ்சு எழும்புவதும் நிற்கும். அந்த நொடியிலிருந்து அவருக்கான மூச்சை நான்தான் விடவேண்டும். வாய் வழியாகக் காற்றுக்குழாயில் ஒரு ட்யூப் இறக்கி, பையை அமுக்கியோ மெஷினில் இணைத்தோ, ஆபரேஷன் முடிந்து அவரே மூச்சுவிடும்வரை.

போன வருஷம் ஆறு வயதுப் பையன் ஒருவன். அவனுக்கும் குடல்வால்தான். ட்யூபை உதட்டோரம் 15 சென்டிமீட்டர் குறியில் நிறுத்தி பிளாஸ்திரி ஒட்டினேன். விரலில் ஒரு கிளிப் மாட்டுவோம், பார்த்திருப்பீர்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் கருவி அது. எண்ணைத் திரையில் காட்டுவதோடு, ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு சத்தம் கொடுக்கும். ஆக்சிஜன் நிறைவாக இருந்தால் சத்தம் உச்ச ஸ்தாயியில் இருக்கும். குறையக் குறைய ஸ்வரம் கீழே இறங்கும். தியேட்டரில் யார் என்ன பேசினாலும், நான் கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டிருந்தாலும், என் காது அந்தச் சத்தத்தில்தான் இருக்கும்.

உள்ளே குடல் மறைக்கிறது, மேசையின் தலைப்பக்கத்தைக் கொஞ்சம் தாழ்த்துங்கள் என்றார் சர்ஜன். தாழ்த்தினோம். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது, சத்தம் ஒரு படி இறங்கியது. திரும்பிப் பார்ப்பதற்குள் இன்னொரு படி. 99 இருந்தது 94, பிறகு 91. ஸ்டெதாஸ்கோப்பைத் துணிக்கு அடியில் விட்டு நெஞ்சில் வைத்தேன். வலது பக்கம் காற்று போகிறது, இடது பக்கம் ஒன்றுமில்லை. தலையைத் தாழ்த்தியபோது ட்யூப் ஒரு விரல்கடை உள்ளே நழுவி, வலது நுரையீரலுக்குப் போகும் கிளைக்குள் இறங்கிவிட்டது. வலது கிளை இடதைவிட நேராக இருப்பதால் வழுக்கினால் அந்தப் பக்கம்தான் போகும். குழந்தைகளின் காற்றுக்குழாய் சின்னது, ஒரு விரல்கடைக்கே ஒரு நுரையீரல் அடைபட்டுவிடும். பிளாஸ்திரியைப் பிரித்து இரண்டு சென்டிமீட்டர் வெளியே இழுத்தேன். இடது பக்கமும் காற்று கேட்டது. சத்தம் படிப்படியாக ஏறி மேலே போய் நின்றது. இவ்வளவும் நடந்த நேரத்தில் சர்ஜன் தலை நிமிரவில்லை. அவர் தன் வேலையில் இருந்தார், அப்படித்தான் இருக்கவேண்டும்.

வெளியே வந்தபோது பையனின் அப்பா சர்ஜனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் ட்ராலியோடு பையனை வார்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்: அந்தத் தனித் தொகை ஊசிக்கு இல்லை, அந்த ஒரு மணி நேரம் உங்கள் மகனின் தலைமாட்டில் ஒருவர் நகராமல் நின்றதற்கு.

1846 அக்டோபர் 16-ல் பாஸ்டன் நகரத்தில் ஈதர் என்ற மயக்க மருந்து கொடுத்து எல்லோர் முன்னிலையிலும் ஒரு கட்டியை அறுத்துக் காட்டினார்கள். அதற்கு முன்னால் சர்ஜனுக்குப் பெருமையே கைவேகம்தான். நாலு பேர் நோயாளியைப் பிடித்துக்கொள்ள, எத்தனை நொடியில் காலை வெட்டி எடுத்தார் என்று பேசுவார்கள். வயிற்றைத் திறந்து நிதானமாகத் தேடிப் பார்க்கும் வைத்தியம் அதற்குப் பிறகு வளர்ந்ததுதான்.

ஆபரேஷனுக்கு முன் நோயாளியைப் பட்டினி போட்டு வதைக்கிறீர்கள். என் மாமியாருக்குச் சர்க்கரை உண்டு என்று தெரிந்தும் காலையிலிருந்து ஒன்றும் கொடுக்கவிடவில்லை. டாக்டர்களுக்கு இரக்கமே கிடையாதா?
— இல்லத்தரசி, அருப்புக்கோட்டை

மயக்கத்தில் இருமல் நின்றுபோகும் என்று மேலே சொன்னேன் அல்லவா? வயிற்றில் இட்லி இருந்தால், அது தொண்டைக்கு ஏறி நுரையீரலுக்குள் இறங்கினாலும் உடம்புக்குத் தெரியாது. வயிற்று அமிலத்தோடு போகும் சோறு நுரையீரலை வேகவைத்துவிடும். பிழைத்தவர்களும் உண்டு, பிழைக்காதவர்களும் உண்டு.

கணக்கு இதுதான். இட்லி, இடியாப்பம் மாதிரி லேசான சாப்பாடு என்றால் ஆறு மணி நேரம். எண்ணெய், கறி என்றால் இன்னும் கூடுதல். பால், பால் கலந்த டீ, காபி எல்லாம் சாப்பாட்டுக் கணக்குதான், ஆறு மணி நேரம். தாய்ப்பால் நாலு மணி நேரம். வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்புவரை குடிக்கலாம். இந்தக் கடைசி வரியை நாங்கள் சரியாகச் சொல்வதில்லை. ‘ராத்திரி 10 மணிக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது’ என்று வார்டில் பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். மறுநாள் மதியம் ஒரு மணிக்கு முறை வரும் நோயாளி அதுவரை வாய் வறண்டு கிடக்கிறார். அது எங்கள் தவறு. உங்கள் மாமியாரை அப்படிக் காயவிட்டிருந்தால் உங்கள் கோபம் நியாயம். சர்க்கரை உள்ளவர்களை முதல் கேஸாக எடுக்கவேண்டும், அதுவரை சர்க்கரை அளவைப் பார்த்துக்கொள்ளவேண்டும்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். ‘ஒண்ணும் குடுக்கல டாக்டர்’ என்று சொல்லிவிட்டு முந்தானைக்குள் டம்ளரை மறைத்த அம்மாக்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். பிள்ளை பசியில் அழுததைத் தாங்கமுடியாமல்தான் கொடுக்கிறார்கள். கொடுத்துவிட்டால் உண்மையைச் சொல்லிவிடுங்கள். திட்டமாட்டேன். ஆபரேஷனைச் சில மணி நேரம் தள்ளிவைப்பேன், அவ்வளவுதான்.

சினிமாவில் மானிட்டரில் கோடு நேராகப் போனதும் டாக்டர்கள் ஷாக் கொடுக்கிறார்கள், நோயாளி எழுந்துவிடுகிறார். நிஜத்தில் எத்தனை பேரை இப்படி எழுப்பியிருக்கிறீர்கள்?
— கல்லூரி மாணவர், திண்டுக்கல்

நேர்கோட்டுக்கு ஷாக் கொடுப்பதில்லை தம்பி. இதயம் தாறுமாறாகத் துடித்து, ரத்தத்தை வெளியே தள்ளமுடியாமல் நடுங்கிக்கொண்டிருக்கும்போதுதான் ஷாக் பலன் தரும். அந்த நடுக்கத்தை ஒரு கணம் மொத்தமாக நிறுத்தினால், இதயம் தன் தாளத்தைத் திரும்பப் பிடிக்கும் என்பது அதன் கணக்கு. முற்றிலும் நின்றுபோன இதயத்தில் நிறுத்துவதற்கு என்ன இருக்கிறது? அங்கே நெஞ்சை அழுத்துவதும், மூச்சு கொடுப்பதும், இதயத்தைத் தூண்டும் அட்ரினலின் மருந்தும்தான்.

நெஞ்சை அழுத்துவதும் சினிமாவில் காட்டுவதுபோல் இல்லை. முழங்கையை மடக்காமல், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அமுக்கவேண்டும். விலா எலும்பு முறிவது உண்டு. முதல் தடவை என் கைக்குக் கீழே அது முறிந்தபோது நான் கையை எடுத்துவிட்டேன். ‘எடுக்காத, அமுக்கு’ என்றார் என் பேராசிரியர். இரண்டு நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும், ஆள் மாற்றவேண்டும். இவ்வளவு செய்தும் திரும்பி வராதவர்கள்தான் அதிகம். வந்தவரும் எழுந்து உட்கார்ந்து பேசமாட்டார், பல நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பார். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. ‘அரை மணி நேரம் அமுக்கியும் காப்பாத்தலையே, ஒழுங்காச் செய்யல’ என்று வாசலில் சண்டைக்கு வருகிறவர்களின் மனதில் அந்தச் சினிமாக் காட்சி இருக்கிறது.

நீங்களும் இதைக் கற்றுக்கொள்ளலாம். ஒருவர் சாலையில் மயங்கி விழுந்து மூச்சில்லாமல் கிடந்தால், 108-க்குப் போன் போட்டுவிட்டு, வண்டி வரும்வரை அவர் நெஞ்சை அமுக்க டாக்டர் தேவையில்லை.

சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டதிலிருந்து எட்டு வருஷமாக இடுப்புவலி. டாக்டர்களுக்கு இது தெரியும், ஆனால் மறைக்கிறீர்கள் என்று எங்கள் தெருவில் எல்லோருமே சொல்கிறார்கள்.
— இரண்டு குழந்தைகளின் தாய், தென்காசி

அம்மா, உங்கள் வலி உண்மை. அதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. ஊசிதான் காரணம் என்பதைத்தான் ஒப்புக்கொள்ளமுடியவில்லை. மறைப்பதாக நினைக்கவேண்டாம், அங்கே என்ன நடக்கிறது என்று முழுக்கச் சொல்கிறேன்.

அந்த ஊசி அரை மில்லிமீட்டர் தடிமன். தண்டுவடம் எங்கே முடிகிறதோ அதற்கும் கீழே, இடுப்புப் பக்கத்து முதுகெலும்புகளின் இடுக்கில் போடுகிறோம். ஆகையால் தண்டுவடத்தைத் துளைப்பதில்லை. அங்கே இருக்கும் நீரில் இரண்டு மில்லி அளவு மருந்து போகிறது, இரண்டு மூன்று மணி நேரத்தில் வேகம் இறங்கிவிடுகிறது. ஊசி குத்திய இடம் நாலைந்து நாள் வலிக்கும். சிலருக்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ கடுமையான தலைவலி வரும். உட்கார்ந்தால் மண்டை பிளக்கும், படுத்தால் விட்டுவிடும். அது ஊசியால் வருவதுதான், அதற்கு வைத்தியமும் உண்டு. அப்படி வந்தால் உடனே சொல்லவேண்டும்.

எட்டு வருஷ வலி வேறு. சுகப்பிரசவம் ஆன பெண்களுக்கும், முதுகில் ஊசியே படாதவர்களுக்கும் இது இருக்கிறது. கர்ப்பத்தில் இடுப்பு மூட்டுகளின் நார்கள் இளகிவிடும். வயிறு முன்னால் தள்ளத் தள்ள முதுகு பின்னால் வளையும். பிரசவம் ஆனபிறகு என்ன செய்கிறோம்? சுவரில் சாயாமல் குனிந்து உட்கார்ந்து பால் கொடுக்கிறோம். ஒரு பக்க இடுப்பில் பிள்ளை, மறுகையில் தண்ணீர்க் குடம். தூக்கம் கிடையாது, கேழ்வரகும் முட்டையும் கடைசியில் மிஞ்சினால்தான் நமக்கு. வலி என்று சொன்னால் வீட்டில் கேட்பார் இல்லை. ‘ஊசி போட்டதால’ என்று சொன்னால்தான் காதில் வாங்குகிறார்கள். இதை நான் என் சொந்தத் தங்கையிடமே பார்த்தேன். ஊசி என்ற காரணம் இருந்தால்தான் ஒரு பெண்ணின் வலிக்கு வீட்டில் மதிப்பு என்றால், அந்தக் காரணத்தை அவள் எப்படி விடுவாள்?

எலும்பு டாக்டரிடம் ஒருமுறை காட்டுங்கள். பிசியோதெரபி பிரிவில் வயிற்றுத் தசைக்கும் முதுகுத் தசைக்கும் பயிற்சி சொல்லித்தருவார்கள். கால் மரத்துப்போவது, சிறுநீர் அடக்கமுடியாமல் போவது இருந்தால் நாள் கடத்தவேண்டாம்.

ஆபரேஷனுக்கு முன் கையெழுத்து வாங்குவது, ‘செத்தால் நாங்கள் பொறுப்பில்லை’ என்று எழுதி வாங்குவதுதானே?
— வாசகர், விருதுநகர்

இல்லை. எந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டாலும் டாக்டரின் கவனக்குறைவு மன்னிக்கப்படாது. 1995-லேயே உச்ச நீதிமன்றம் காசு வாங்கிப் பார்க்கும் மருத்துவ சேவையை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டது. சம்மதப் படிவம் வேறு காரியத்துக்கு. என்ன செய்யப்போகிறோம், ஏன், அதில் என்ன ஆபத்து, செய்யாவிட்டால் என்ன ஆகும், வேறு வழி உண்டா என்று நோயாளிக்குப் புரியும்படி சொன்னதற்கான அடையாளம் அது. ஒன்றுக்கு வாங்கிய சம்மதத்தை வைத்து அவசரமில்லாத இன்னொன்றைச் செய்யக்கூடாது என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

எனக்கு இதில் இன்னொரு மனக்குறை உண்டு. ‘கையெழுத்துப் போட யார் வந்திருக்கா?’ என்று வார்டில் ஒரு குரல் கேட்கும். படுத்திருக்கும் பெண்ணுக்கு 30 வயது, சுயநினைவோடு இருக்கிறாள், அவளை விட்டுவிட்டு வராந்தாவில் புருஷனைத் தேடுவார்கள். 18 வயது நிறைந்தவரின் உடம்புக்கு அவர் கையெழுத்துதான் சட்டப்படி வேண்டும். குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்குக்கூடக் கணவரின் சம்மதம் தேவையில்லை. ஒருமுறை அந்த ஆபரேஷனுக்கு வந்த ஒரு பெண்ணின் கணவர் வெளியூரில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து அவளைக் கடைசிக்குக் கடைசி என்று தள்ளிக்கொண்டே இருந்தார்கள். படிவத்தை வாங்கி அவள் கையில் கொடுத்தேன். ‘நானே போடலாமா மேடம்?’ என்று இரண்டு தடவை கேட்டாள். மேசையில் நன்றாகக் குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக, இனிஷியலோடு தன் பெயரை எழுதினாள். எழுதி முடித்து, பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தாள்.

மகள் ப்ளஸ் டூ. அரசுப் பள்ளி. எப்படியாவது டாக்டராக்கிவிட்டால் குடும்பம் நிமிர்ந்துவிடும் என்று இருக்கிறேன். நான் செய்வது சரியா?
— தாய், பெரம்பலூர்

மகளுக்கு விருப்பம் இருந்தால் சரி. 2020-லிருந்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நீட் தேர்ச்சிக்குப் பின் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது, அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

ஆனால் ‘நிமிர்ந்துவிடும்’ என்பதற்கு ஆண்டுக் கணக்கு தெரிந்திருக்கவேண்டும். எம்.பி.பி.எஸ். நாலரை வருஷம், அதன்பின் பயிற்சி மருத்துவராக ஒரு வருஷம். 18-ல் சேர்ந்தால் 23, 24. இப்போதெல்லாம் எம்.பி.பி.எஸ். மட்டும் போதும் என்று யாரும் நிறுத்துவதில்லை. பட்டமேற்படிப்புக்கு மறுபடி ஒரு நீட். முதல் முறையிலேயே நினைத்த பிரிவு கிடைப்பவர் கொஞ்சம், ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ படித்துக்கொண்டே இருப்பார்கள். பிறகு மூன்று வருஷம். உயர்சிறப்புப் படிப்பு என்றால் இன்னும் மூன்று. அவளோடு ப்ளஸ் டூ முடித்து வேறு படிப்புக்குப் போன தோழி 22 வயதில் சம்பளம் வாங்கி வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் வாங்கித் தருவாள். உங்கள் மகள் 29 வயதில் விடுதி அறையில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பாள். அப்போது ‘இன்னுமா படிக்கிற?’ என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். நீங்கள் கேட்காமல் இருக்கவேண்டும். என் அம்மா கேட்கவில்லை. பசை காய்ந்த விரல்களோடு மணியார்டர் ஃபாரம் நிரப்பிக்கொண்டே இருந்தார்.

டாக்டர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் நோய் வந்தால் தனி மருந்து உண்டாமே?
— வாசகர், இராஜபாளையம்

கிடையாது. நான் சாப்பிடும் மருந்து எங்கள் மருத்துவமனைக் கவுன்ட்டரில் நீங்கள் வாங்கும் அதே அட்டைதான். நோய் எங்களுக்கு ஒரு பங்கு கூடத்தான் வரும். 2014-ல் ஒரு விபத்துக் கேஸில் என் ஆள்காட்டி விரலில் ஊசி குத்திவிட்டது. சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவினேன். நோயாளிக்கு எச்.ஐ.வி. இருந்தது பரிசோதனையில் தெரிந்தது. குத்திய ஊசியால் தொற்று வரும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்றுதான் என்று மாணவர்களுக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன். 28 நாள் மாத்திரை. அந்த 28 நாளும் பிறகு வந்த பரிசோதனை நாட்களும் ‘ஆயிரத்தில் மூன்று’ என்பது எனக்குப் பெரிய எண்ணாக இருந்தது. ஒன்றும் ஆகவில்லை. அந்த நோயாளி குணமாகி வீட்டுக்குப் போனார். அவரிடம் நான் இதைச் சொல்லவில்லை.

நைட் ட்யூட்டி டாக்டர் மேசையில் தலைவைத்துத் தூங்கியதை என் கண்ணால் பார்த்தேன். சம்பளம் வாங்கிக்கொண்டு தூங்கலாமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், சிவகங்கை

அவர் எப்போது வேலைக்கு வந்தார் என்று கேட்டீர்களா ஐயா? முந்தைய நாள் காலை வந்தவராக இருக்கலாம். 1992-ல் மத்திய அரசு வகுத்த உறைவிட மருத்துவர் திட்டத்தில், வாரத்துக்கு 48 மணி நேரம், ஒரே மூச்சில் 12 மணி நேரம் என்று வரம்பு எழுதப்பட்டிருக்கிறது. 2024-ல் தேசிய மருத்துவ ஆணையத்தின் குழுவோ வாரம் 74 மணிக்கு மேல் போகவேண்டாம் என்று பரிந்துரைத்தது. 48 என்று எழுதி 32 வருஷம் ஆனபிறகு 74-ஐக் கேட்டுக்கொள்ளவேண்டிய நிலைமை.

தூங்காத டாக்டர்தான் நல்ல டாக்டர் என்று நானும் நம்பியிருந்தேன். 2006-ல் மேற்படிப்பு மாணவியாக இருந்தபோது, பெயர் சொல்ல விரும்பாத ஒரு மருத்துவமனையில், வேலைக்கு வந்து 30 மணி நேரம் கடந்த அதிகாலை. சிசேரியன். முதுகு ஊசி போட்டதும் அந்தப் பெண்ணின் நாடித்துடிப்பு மளமளவென்று இறங்கியது. அதற்கு அட்ரோபின் கொடுக்கவேண்டும். ட்ரேயிலிருந்து ஆம்பூலை, அதாவது மருந்து அடைத்த சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்து, அதன் கழுத்தை உடைத்து, சிரிஞ்சில் இழுத்தேன். கை தானாகச் செய்தது. சலைன் குழாயில் சொருகப்போன நேரத்தில் பக்கத்தில் நின்ற சிஸ்டர் என் மணிக்கட்டைப் பிடித்தார். ‘மேடம், லேபிளைப் பாருங்க.’ உடைந்த ஆம்பூலில் இருந்தது அட்ரினலின். அதே உயரம், அதே ஒரு மில்லி, பக்கத்துப் பக்கத்துக் குழியில் வைத்திருந்தார்கள். முழு ஆம்பூலையும் அப்படியே ரத்தத்தில் ஏற்றியிருந்தால், விழித்துக்கொண்டு குழந்தையின் அழுகைக்குக் காத்திருந்த அந்தப் பெண்ணின் இதயம் தாங்கியிருக்காது.

சிஸ்டர் சரியான ஆம்பூலை உடைத்துக் கொடுத்தார். நாடி ஏறியது, குழந்தை அழுதது. சிஸ்டர் அதைப்பற்றி அதன்பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிலிருந்து என் தியேட்டரில் அட்ரினலின் மற்ற மருந்துகளோடு ஒரே ட்ரேயில் இருக்காது. சிரிஞ்சில் பெயர் எழுதி ஒட்டாமல் எந்த மருந்தும் உள்ளே போகாது. உடைக்கும் முன் நான் உரக்கப் படிப்பேன், சிஸ்டர் திருப்பிச் சொல்லவேண்டும். புதிதாக வரும் மாணவர்களுக்கு இது சடங்குபோலத் தெரிகிறது. அவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லிவிடுவேன்.

மேசையில் தலைவைத்துத் தூங்கும் டாக்டரை எழுப்பவேண்டியிருந்தால் எழுப்புங்கள், அது உங்கள் உரிமை. தேவையில்லாவிட்டால் இருபது நிமிடம் தூங்கட்டும். அடுத்து வருவது உங்கள் வீட்டு நோயாளியாகவும் இருக்கலாம்.

சாவைப் பார்த்துப் பார்த்து உங்களுக்கெல்லாம் மனசு மரத்துப்போயிருக்கும். இல்லையா?
— பெயர் வேண்டாம் என்ற வாசகி

உங்கள் கடிதத்தின் மற்ற வரிகளையும் படித்தேன் அம்மா. அவற்றை இங்கே அச்சிடவில்லை.

2011-ல் ஒரு தலைப்பிரசவம். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. பிறகு கர்ப்பப்பை சுருங்கவில்லை, ரத்தம் நிற்கவில்லை. மகப்பேறு டாக்டர் செய்யவேண்டியது எல்லாம் செய்தார், கடைசியில் கர்ப்பப்பையையும் எடுத்தார். நான் தலைமாட்டில் இரண்டு கையிலும் ரத்தப் பையைப் பிழிந்துகொண்டிருந்தேன். ஏற்றியதும் வழிந்தது. அதிகாலை 4.40-க்கு முடிந்துபோனது. வெளியே போய்ச் சொல்ல நாங்கள் இரண்டு பேரும் போனோம். அந்தப் பெண்ணின் அப்பா பெஞ்சில் ஃப்ளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் வாய் திறக்கும் முன், ‘பிள்ள ராத்திரியே சாப்பிடல, பால் குடுக்கலாமாம்மா?’ என்றார்.

எட்டு மணிக்கு அடுத்த கேஸ். ஹெர்னியா. முகம் கழுவிக்கொண்டு போனேன், மருந்துகளை உரக்கப் படித்தேன். அந்த மனிதருக்கு என் துக்கம் தெரியக்கூடாது, அவர் உயிரும் என் கையில்தான். இதைப் பார்க்கிறவர்களுக்கு மரத்துப்போன மாதிரிதான் தெரியும்.

தமிழ்நாட்டில் ஒவ்வொரு பிரசவ மரணத்தையும் தணிக்கை செய்கிறார்கள். எத்தனை மணிக்கு ரத்தம் கேட்டீர்கள், எத்தனை மணிக்கு வந்தது, யார் கூடவே இருந்தது என்று நிமிடம் நிமிடமாகச் சொல்லவேண்டும். நானும் போய்ச் சொன்னேன். சொல்லும்போது குரல் உடைந்தது, கேட்டவர் தண்ணீர் நகர்த்தி வைத்துவிட்டுக் காத்திருந்தார். 2010-12 கணக்கில் தமிழ்நாட்டில் உயிரோடு பிறந்த லட்சம் குழந்தைகளுக்கு 90 தாய்மார் இறந்தார்கள். 2018-20-ல் அது 54. அந்தத் தணிக்கை மேசைகளுக்கும் அதில் பங்கு உண்டு என்று நம்புகிறேன். அந்த 90-க்குள் ஒரு ஃப்ளாஸ்க்கும் இருக்கிறது எனக்கு. இன்றும் தியேட்டர் வாசலில் யாராவது ஃப்ளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தால், உள்ளே போகும் முன் நின்று ஒரு வார்த்தை பேசிவிட்டுத்தான் போவேன்.

மயக்கத்தில் மனதில் உள்ள ரகசியங்களை உளறிவிடுவோமா? எனக்கு அடுத்த மாதம் பித்தப்பை ஆபரேஷன். அதைவிட இதுதான் பயமாக இருக்கிறது.
— வாசகி, மதுரை

பயப்படாதீர்கள். மயக்கத்தில் இருக்கும்போது தொண்டையில் ட்யூப் இருக்கும், பேசவே முடியாது. தெளியும்போது நிறையப் பேர் கேட்கும் முதல் கேள்வி ‘எப்ப ஆரம்பிப்பீங்க?’ என்பதுதான். முடிந்துவிட்டது என்றால் நம்பமாட்டார்கள். இடைப்பட்ட நேரமே அவர்களுக்கு இல்லை.

அரைத் தெளிவில் சிலர் பேசுவதும் உண்டு, ரகசியம் ஒன்றும் இருக்காது. போன வாரம் விளாத்திகுளம் பக்கத்துப் பாட்டி ஒருவர். ட்யூபை எடுத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கண் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன்.

‘ஆட்ட அவுத்துவிட்டாச்சா?’

‘அவுத்துவிட்டாச்சு பாட்டி. மூச்ச நல்லா இழுத்து விடுங்க.’

இழுத்துவிட்டார். மானிட்டரில் சத்தம் ஒரு படி மேலே ஏறியது.